எல்சிஎல்லா, இருபது அடியா, நாற்பது ஹை கியூபா? கடல்வழிச் சரக்குக்கு எதைப் பிடிப்பது

தமிழ்நாட்டிலிருந்து முதல்முறை ஏற்றுமதி செய்பவர் ஃபார்வர்டரிடம் (கப்பலில் சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்துகொடுப்பவரிடம்) கேட்கிற முதல் கேள்வி, "ஃபிரெய்ட் எவ்வளவு சார்?" என்பதுதான். கப்பல் கட்டணமாக ஒரு சிபிஎம்முக்கு, அதாவது ஒரு கன மீட்டருக்கு, இத்தனை டாலர், ஒரு கன்டெய்னருக்கு இத்தனை டாலர் என்று பதில் வரும். எது குறைவாகத் தெரிகிறதோ அதில் சரக்கை ஏற்றிவிடுவார். சில வாரம் கழித்து வாங்குபவரிடமிருந்து கோபமாக ஒரு மெயில் வரும்: சரக்கை எடுக்க அங்கே கட்டிய பணம் கப்பல் கட்டணத்தைப்போலப் பல மடங்கு. அடுத்த ஆர்டர் வராது.

கப்பல் கட்டணம் மொத்தச் செலவில் ஒரு துண்டுதான். மீதி, நம் குடோனிலிருந்து துறைமுகம் வரைக்கும், அங்கே இறங்கியதிலிருந்து வாங்குபவர் கதவு வரைக்கும் சிதறிக் கிடக்கிறது. இரண்டு கரையின் பில்லையும் ஒரே தாளில் கூட்டிப் பார்க்காமல் எல்சிஎல், எஃப்சிஎல் ஒப்பீடு செய்யவே முடியாது. கரூர் வீட்டு உபயோகத் துணி, திருப்பூர் பின்னலாடை, பொள்ளாச்சி காயர் பித் (தென்னை நார்த்தூள்), நாச்சியார்கோவில் குத்துவிளக்கு என்று எதை அனுப்பினாலும் இதே கதைதான்.

சொற்களை ஒருமுறை சரிசெய்துகொள்வோம். எஃப்சிஎல் என்றால் முழுக் கன்டெய்னரும் உங்களுடையது. பாதி காலியாகப் போனாலும் வாடகை முழுசு. எல்சிஎல் என்றால் பலருடைய சரக்கோடு உங்கள் சரக்கும் ஒரே கன்டெய்னரில் போகும். அதைச் சேர்த்து நிரப்புபவர் கன்சாலிடேட்டர், நிரப்பும் இடம் சிஎஃப்எஸ் என்கிற சரக்குக் கிடங்கு.

முதலில் டேப்பை எடுங்கள்

இருபது அடிக் கன்டெய்னரின் உள்நீளம் சுமார் 5.90 மீட்டர், அகலம் 2.35, உயரம் 2.39. கணக்குப்படி 33 சிபிஎம். நாற்பது அடி ஹை கியூபின் உள்நீளம் 12.03, அகலம் அதே 2.35, உயரம் 2.69, கணக்குப்படி 76. இந்த இரண்டு எண்ணையும் நம்பி ஆர்டர் போட்டால் கடைசி நாளில் பெட்டிகள் வெளியே நிற்கும். அட்டைப்பெட்டிச் சரக்கில் இருபது அடிக்கு 25 முதல் 28, ஹை கியூபுக்கு 64 முதல் 68 என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். ஹை கியூப் அளவு உயரம் இல்லாத சாதா நாற்பது அடியும் உண்டு. பல தடங்களில் இரண்டுக்கும் ஒரே வாடகை என்பதால் துணிக்காரர்கள் அதைத் தேடிப் போவதில்லை.

ஏன் இவ்வளவு இடைவெளி என்பதை ஒரு பெட்டியை வைத்தே பார்க்கலாம். 60 × 40 × 40 செ.மீ. பெட்டி, துணிக்கு வழக்கமான அளவு. எல்லாப் பெட்டியையும் நீளவாக்கில் ஒரே திசையில் அடுக்கினால் நீளத்துக்கு 9, அகலத்துக்கு 5, ஆக ஒரு அடுக்குக்கு 45. மூன்று வரிசையைக் குறுக்காகத் திருப்பி (60 அகலவாக்கில், 40 நீளவாக்கில்), மீதி இடத்தில் ஒரு வரிசையை நீளவாக்கில் விட்டால் 14 × 3 = 42, அதோடு 9, ஆக 51. திருப்பி வைத்ததிலேயே ஒரு அடுக்குக்கு ஆறு பெட்டி கூடிவிட்டது. உயரத்தில் 40 செ.மீ. பெட்டி ஐந்துதான் ஏறும். மேலே 39 செ.மீ. வெட்டவெளியாக இருக்கும். மொத்தம் 255 பெட்டி, 24.5 சிபிஎம்.

பெட்டி உயரத்தை 37 ஆகக் குறைத்தால் ஆறு அடுக்கு ஏறும். 222 செ.மீ. வரும், கதவின் திறப்பு உயரம் சுமார் 228, கடைசி வரிசையும் தட்டாமல் உள்ளே போய்விடும். மொத்தம் 306 பெட்டி, 27.2 சிபிஎம். பெட்டியில் 3 செ.மீ. குறைத்ததற்கு அதே வாடகையில் 11 சதவீதம் கூடுதல் சரக்கு. இந்தக் கணக்கை ஆர்டர் எடுக்கும்போதே போட வேண்டும். அட்டைப்பெட்டிக்காரரிடம் அச்சுக்குப் போன பிறகு போட்டுப் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. அடுக்கு கூடினால் அடிப்பெட்டியின் மேல் சுமையும் கூடும். 12 கிலோ பெட்டி ஆறு அடுக்கு என்றால் அடிப்பெட்டி 60 கிலோவை வாரக்கணக்கில் தாங்க வேண்டும். கடற்காற்றின் ஈரத்தில் அட்டையின் பலம் கணிசமாக இறங்கிவிடும். மூன்று பிளை (மூன்று தாள் அடுக்கு) பெட்டி இதற்கு ஆகாது. ஐந்து பிளையாவது வேண்டும். ஹை கியூபில் ஏழு அடுக்குப் போகும் கனமான சரக்கானால் ஏழு பிளையை யோசியுங்கள்.

எல்சிஎல்லில் காசு எங்கே போகிறது

எல்சிஎல் கட்டணம் எடை, கன அளவு இரண்டில் எது அதிகமோ அதற்கு. 1,000 கிலோவும் ஒரு சிபிஎம்மும் சமம். 1.8 சிபிஎம், 400 கிலோ துணிக்கு 1.8க்குக் கட்டணம். 1.8 சிபிஎம், 2,600 கிலோ பித்தளை விளக்குக்கு 2.6க்குக் கட்டணம். இரண்டும் ஒரே வாங்குபவருக்குப் போகிறது என்றால் தனித்தனி பிஎல் (பில் ஆஃப் லேடிங், சரக்கைப் பெற்றதற்கான கப்பல் ரசீது) போடாமல் ஒரே பிஎல்லில் சேருங்கள். மொத்தம் 3.6 சிபிஎம், 3,000 கிலோ, 3.6க்குத்தான் கட்டணம். பிரித்துப் போட்டால் 4.4க்குக் கட்டியிருப்பீர்கள். கனமான சரக்கையும் லேசான சரக்கையும் சேர்த்து அனுப்புவதன் லாபம் இது, பலர் கவனிப்பதில்லை.

சரக்கு ஒரு சிபிஎம்முக்குக் குறைவாக இருந்தாலும் குறைந்தபட்சம் ஒன்றுக்குக் கட்ட வேண்டும். அரை சிபிஎம் மாதிரிச் சரக்கைக் கடலில் அனுப்புவதற்கு முன் கூரியர், விமானக் கட்டணத்தையும் கேட்டுப் பாருங்கள். இரண்டு பக்க எல்சிஎல் செலவும் சேர்ந்தால் வித்தியாசம் நினைத்ததைவிடச் சின்னதாக இருக்கும்.

அடுத்தது அளக்கும் விதம். சிஎஃப்எஸ்ஸில் டேப் வைப்பது உங்கள் பேக்கிங் லிஸ்ட்டைப் பார்த்து அல்ல. சரக்கு எங்கெங்கு அதிகமாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதோ அந்த முனையிலிருந்து முனைக்கு. 120 × 100 × 100 செ.மீ. பேலட் 1.2 சிபிஎம். பெட்டிகள் பேலட் விளிம்பைத் தாண்டி நாலு பக்கமும் ஐந்து செ.மீ. பிதுங்கி, உயரத்திலும் ஐந்து கூடினால் 130 × 110 × 105, அதாவது 1.5 சிபிஎம். கால் பங்கு கூடுதல், ஒரு துண்டு சரக்குகூடக் கூடாமல். பெட்டிகளைப் பேலட்டுக்குள் அடக்கி, ஸ்ட்ரெட்ச் ஃபிலிம் இறுக்கிச் சுற்றி, மூலைக்கு ஆங்கிள் போர்டு வைத்துப் பட்டை கட்டினால் இந்தக் காசு மிச்சம். மேலே இன்னொரு பேலட்டை ஏற்ற முடியாதபடி கூம்பாகக் கட்டினால் மேலுள்ள காலி இடத்துக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குவார்கள்.

மரப் பேலட்டில் வெப்பப் பதனம் செய்த ஐஎஸ்பிஎம் 15 (மரப் பேக்கிங்கில் பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை இல்லாவிட்டால் இந்தச் சிக்கனம் எதுவும் உதவாது. மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பம் 30 நிமிடம் நின்றிருக்க வேண்டும் என்பது விதி. முத்திரை இல்லாத ஒரே ஒரு பேலட், எல்சிஎல் கன்டெய்னரில் இருக்கும் அத்தனை பேரின் சரக்கையும் நிறுத்திவிடும்.

இதைவிடப் பெரிய ஓட்டை அக்கரையில் இருக்கிறது. எல்சிஎல் ஃபிரெய்ட் சில தடங்களில் நம்ப முடியாத அளவு மலிவாக, சில நேரம் பூஜ்யமாகக்கூட வரும். கன்சாலிடேட்டர் தானம் செய்யவில்லை. அந்தப் பணத்தை அங்கே வாங்குபவரிடம் இறக்குக் கூலி, சிஎஃப்எஸ் கட்டணம், டாக்குமென்ட் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம் என்று பிரித்து வசூலித்துக்கொள்வார். நீங்கள் சிஐஎஃப் விலையில், அதாவது கப்பல் கட்டணமும் காப்பீடும் உங்கள் விலையில் அடக்கம் என்று, விற்றிருந்தால், உங்கள் மலிவான ஃபிரெய்ட்டின் விலையைக் கட்டுபவர் உங்கள் வாடிக்கையாளர். பேரம் முடியும் முன்பே "இறக்குமதித் துறைமுகத்தில் சிபிஎம்முக்கு எவ்வளவு, பிஎல்லுக்கு எவ்வளவு" என்ற பட்டியலை எழுத்தில் வாங்கி வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள். பட்டியல் தர மறுக்கும் ஃபார்வர்டரிடம் எல்சிஎல் கொடுக்க வேண்டாம்.

எஃப்ஓபி விலையில், அதாவது இங்கே கப்பலில் ஏற்றுவது வரை மட்டும் உங்கள் செலவு என்று, விற்றால் நிலைமை தலைகீழ். ஃபார்வர்டரை வாங்குபவர் நியமிப்பார், ஃபிரெய்ட் அவருடையது. ஆனால் இங்கே உள்ள சிஎஃப்எஸ், டாக்குமென்ட், டெர்மினல் கட்டணங்கள் உங்கள் தலையில். நியமன ஃபார்வர்டர் உங்களோடு பேரம் பேச வேண்டிய அவசியமே இல்லாதவர். விலை சொல்லும் முன் அவருடைய உள்ளூர்க் கட்டணப் பட்டியலை வாங்கி அடக்கவிலையில் சேருங்கள்.

எத்தனை சிபிஎம்மில் மாறுவது

கணக்கு எளிது. முழுக் கன்டெய்னருக்கு இரு கரையிலும் ஆகும் மொத்தச் செலவிலிருந்து எல்சிஎல்லில் அளவு எதுவானாலும் மாறாத செலவைக் கழித்து, எல்சிஎல்லின் ஒரு சிபிஎம் செலவால் வகுக்க வேண்டும். புரிவதற்காக மட்டும் எண்களை வைத்துக்கொள்வோம்: இருபது அடிக்கு எல்லாம் சேர்த்து ரூ.2,40,000. எல்சிஎல்லில் நிலையான செலவு ரூ.20,000, சிபிஎம்முக்கு இரு பக்கமும் சேர்த்து ரூ.14,000. 2,20,000ஐ 14,000ஆல் வகுத்தால் 15.7. எட்டு சிபிஎம் என்றால் எல்சிஎல்லில் ரூ.1,32,000, யோசிக்கவே வேண்டாம். பன்னிரண்டில் ரூ.1,88,000. பதினைந்தில் ரூ.2,30,000, இந்த இடத்தில் பத்தாயிரம் ரூபாய்க்காக எல்சிஎல் பிடிப்பது புத்திசாலித்தனம் இல்லை. ஏனென்றால் தாமதம், சேதம், பெட்டி குறைவது ஆகிய மூன்றின் விலையும் இந்தக் கணக்கில் ஏறவில்லை.

கப்பல் கட்டணம் ஏறி இறங்கும்போது இந்தப் புள்ளியும் நகரும். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதும் ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, கன்டெய்னர் வாடகை எகிறியது. போன வருஷம் 13 சிபிஎம்மில் மாறினோம் என்பதற்காக இந்த வருஷமும் அதே எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது. பத்து சிபிஎம்மைத் தாண்டும் ஒவ்வொரு ஆர்டருக்கும் இரண்டு விலையையும் கேளுங்கள்.

கணக்கில் வராத ஒரு மூன்றாவது வழியும் உண்டு, கரூர்ப் பக்கம் இதற்கு வாய்ப்பு நிறைய. ஒரே வாங்குபவர் மூன்று உற்பத்தியாளரிடம் தலா எட்டு சிபிஎம் வாங்குகிறார் என்றால், மூன்றும் தனித்தனி எல்சிஎல்லாகப் போவது வீண். வாங்குபவரின் பெயரில் சிஎஃப்எஸ்ஸில் மூன்றையும் சேர்த்து ஒரே இருபது அடியில் ஏற்றலாம். ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் படிவம்) மூன்று பேருக்கும் தனித்தனி, கன்டெய்னர் ஒன்று. பையர்ஸ் கன்சாலிடேஷன் என்பார்கள். 24 சிபிஎம், இருபது அடிக்குச் சரியாக இருக்கும். ஆனால் மூவரில் ஒருவர் தாமதித்தாலும் கன்டெய்னர் நிற்கும். வாங்குபவர் ஒரே கெடு தேதி வைத்து, தவறினவரை விட்டுவிட்டு ஏற்றும் உரிமையையும் எழுதிவைத்துக்கொண்டால்தான் இது ஓடும்.

நாள் கணக்கு

எல்சிஎல் சரக்கு எஃப்சிஎல்லைவிட இரண்டு மூன்று நாள் முன்பே சிஎஃப்எஸ்ஸுக்குள் போயாக வேண்டும். கன்சாலிடேட்டருக்குச் சரக்குச் சேராவிட்டால் இந்த வாரக் கப்பல் அடுத்த வாரத்துக்குத் தள்ளும். இறங்கிய பிறகும் கன்டெய்னர் துறைமுகத்திலிருந்து அங்கத்திய சிஎஃப்எஸ் போய், பிரித்து, ஒவ்வொருவர் சரக்கையும் ஒதுக்கிய பிறகுதான் எடுக்க முடியும். இரண்டு பக்கமும் சேர்த்து எஃப்சிஎல்லைவிட ஒரு வாரத்திலிருந்து பத்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து போகும் சரக்கில் இன்னொன்றைக் கேட்க வேண்டும். அங்கிருந்து பெரும்பகுதி ஃபீடர் என்கிற சிறிய இணைப்புக் கப்பலில் கொழும்பு போய்ப் பெரிய கப்பலுக்கு மாறும். எஃப்சிஎல் என்றால் சீல் உடையாமல் கன்டெய்னர் மட்டும் இடம் மாறும். எல்சிஎல்லில் சில கன்சாலிடேட்டர்கள் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கன்டெய்னரைத் திறந்து, சரக்கைப் பிரித்து, வேறு கன்டெய்னரில் திரும்ப ஏற்றுவார்கள். ஒவ்வொரு பிரிப்புக்கும் ஃபோர்க்லிஃப்ட் இரண்டு தரம் உங்கள் சரக்கைத் தொடுகிறது. "நேரடிக் கன்சோலா, நடுவில் எங்கே பிரிப்பீர்கள்?" என்று கேட்டுப் பதிலை மெயிலில் வாங்குங்கள். நேரடிக் கன்சோல் (நடுவில் பிரிக்காத எல்சிஎல் கன்டெய்னர்) சென்னையிலிருந்து கிடைத்து, தூத்துக்குடியிலிருந்து கிடைக்காவிட்டால், கூடுதல் லாரி வாடகை கொடுத்தாவது சென்னைக்கு அனுப்புவது பல நேரம் நல்லது, உடையும் சரக்குக்குக் குறிப்பாக.

அமெரிக்கச் சரக்குக்கு ஐஎஸ்எஃப் என்கிற முன்தாக்கல் விவரங்கள் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே அங்கத்திய சுங்கத்துக்குப் போக வேண்டும். தாக்கல் செய்வது வாங்குபவரின் பொறுப்பு. விவரம் தர வேண்டியவர் நீங்கள். தவறினால் ஒரு தாக்கலுக்கு 5,000 டாலர் வரை அபராதம் அவருக்கு.

எந்தச் சரக்கை எல்சிஎல்லில் போடவே கூடாது

பக்கத்தில் என்ன வரும் என்பது எல்சிஎல்லில் உங்கள் கையில் இல்லை. பதனிட்ட தோல், மிளகாய் வற்றல், ரப்பர், ரசாயன டிரம் எதுவும் அடுத்த பேலட்டாக இருக்கலாம். வாசனையை உறிஞ்சும் சரக்குகளான தேயிலை, காபி, அரிசி மாவு, பருத்தித் துணி இவற்றுக்கு இது நிஜமான ஆபத்து. துணியில் ஏறிய மிளகாய் நெடி லேசில் போகாது. உணவுப் பொருளானால் எட்டு சிபிஎம்மாக இருந்தாலும் தனி இருபது அடியை யோசியுங்கள். ஒரு முறை நிராகரிக்கப்பட்டால் ஆகும் நஷ்டத்துக்கு முன் அந்த வாடகை சிறிது. அவ்வளவு கட்டுப்படியாகாது என்றால், உள்ளே தடித்த பாலித்தீன் லைனர், வெளியே முழுதும் மூடிய மரப்பெட்டி, இந்த இரண்டும் இல்லாமல் அனுப்ப வேண்டாம்.

கண்ணாடி, மண்பாண்டம், கற்சிலைக்கும் எல்சிஎல் கடினமான வழி. "மேலே அடுக்காதே" என்று ஸ்டிக்கர் ஒட்டினால் போதாது. மேலே அடுக்கவே முடியாத வடிவில், அல்லது அடுக்கினாலும் தாங்கும் மரச்சட்டத்தில் கட்ட வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் இரண்டு பக்கம் ஷிப்பிங் மார்க், பெட்டி எண், மொத்தத்தில் எத்தனையாவது என்பது அழியாத மையில் இருக்கட்டும். எல்சிஎல்லில் பெட்டி காணாமல் போவது பெரும்பாலும் திருட்டால் இல்லை. மார்க் உரிந்து, அடுத்தவர் குவியலில் சேர்ந்துவிடுவதால்.

இருபது அடியா, ஹை கியூபா

லேசான சரக்குக்கு இருபது அடி பெரும்பாலும் நஷ்ட வியாபாரம். மேலே சொன்ன 37 செ.மீ. பெட்டி இருபது அடியில் 306. ஹை கியூபில் 730க்கு மேல். கொள்ளளவு இரண்டே கால் மடங்கைத் தாண்டுகிறது. வாடகை பல தடங்களில் இரு மடங்குகூட ஆகாது. மாதம் இரண்டு இருபது அடி அனுப்புபவர், வாங்குபவர் இருப்பு வைக்க ஒப்புக்கொண்டால், மாதம் ஒரு ஹை கியூபுக்கு மாறுவது நல்லது.

சிக்கல் 28க்கும் 35க்கும் நடுவில். 30 சிபிஎம் சரக்கு இருபது அடியில் அடங்காது. மிச்சத்தை எல்சிஎல்லில் அனுப்பலாமா? மேலே வைத்த எண்படி மூன்று சிபிஎம் எல்சிஎல்லுக்கு ரூ.62,000, ஹை கியூபுக்கு ரூ.3,60,000 என்று வைத்தால் இருபது அடியும் எல்சிஎல்லும் சேர்ந்து ரூ.3,02,000தான். மலிவுதான். ஆனால் பிஎல் இரண்டு, அங்கே சுங்கம் இரண்டு முறை, சரக்கு வந்துசேரும் நாள் வேறு வேறு. ஒரே வடிவமைப்பின் பெட்ஷீட் இந்தக் கன்டெய்னரிலும் தலையணை உறை அந்த எல்சிஎல்லிலும் போனால் கடையில் இரண்டையும் விற்க முடியாது. பெட்டி அளவைத் திருத்தி 27க்குள் அடக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால், 32ஐத் தாண்டியதும் ஹை கியூபுக்குப் போவதே மேல்.

கனமான சரக்குக்கு எல்லாம் மாறும். கிரானைட், வார்ப்பிரும்பு, டைல்ஸ் ஆகியவற்றுக்கு இருபது அடிதான். இடம் நிரம்பும் முன் எடை நிரம்பிவிடும். கன்டெய்னரின் கதவில் எழுதியிருக்கும் மொத்த எடை பெரும்பாலும் 30,480 கிலோ, காலி எடை 2,200 அல்லது 2,300. ஆனால் அந்த எண்ணுக்கும் முன்னால் சாலை எடை வரம்பு குறுக்கே வரும். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைகளில் லாரி, சேசிஸ் (கன்டெய்னரைத் தாங்கும் சக்கரச் சட்டம்), கன்டெய்னர், சரக்கு எல்லாம் சேர்ந்து 80,000 பவுண்டு, அதாவது சுமார் 36.3 டன்தான் வரம்பு. இருபது அடியில் 27 டன் ஏற்றி அனுப்பினால் கப்பல் ஏற்றிக்கொள்ளும். அங்கே இறங்கியதும் கூடுதல் அச்சு சேசிஸும் எடை பர்மிட்டும் தேட வேண்டியிருக்கும். காயர் பித் கட்டிகள் இரண்டுங்கெட்டான்: அழுத்திய ஐந்து கிலோ கட்டியானால் ஹை கியூபில் 24, 25 டன் ஏறும், இடமும் எடையும் ஏறக்குறைய ஒன்றாக நிரம்பும். அது ஹை கியூபுக்கே பிறந்த சரக்கு.

கனத்தை ஒரு பக்கமாகக் குவிக்காதீர்கள். கன்டெய்னரின் ஒரு பாதி நீளத்தில் மொத்த எடையில் 60 சதவீதத்துக்கு மேல் வரக் கூடாது. பாதி காலியாகப் போகும் ஹை கியூபில் சரக்கை முன்சுவர் ஓரம் உயர அடுக்கி நிறுத்துவது பெரிய தப்பு. அடுக்கு உயரத்தைக் குறைத்து நீளத்தில் பரப்பி, கதவுப் பக்கம் மரச்சட்டமும் காற்றுப் பையும் வைத்து அடைக்க வேண்டும்.

ஆலையில் ஏற்றுவதா, சிஎஃப்எஸ்ஸில் ஏற்றுவதா

எஃப்சிஎல் என்று முடிவானதும் இந்தக் கேள்வி. ஆலையிலேயே ஏற்றினால் காலிக் கன்டெய்னர் டிரெய்லரில் உங்கள் வாசலுக்கு வரும். நீங்களே அடுக்கி, சுங்கத்திடம் முன்பே வாங்கிய சுய சீல் அனுமதியின்படி ஆர்எஃப்ஐடி இ-சீல் (மின்னணு முத்திரை) போட்டு அனுப்பலாம். 2017 முதல் இந்த முறைதான். சரக்கு இருமுறை ஏறி இறங்காது, உங்கள் ஆள் உங்கள் விருப்பப்படி அடுக்குவார். சிஎஃப்எஸ்ஸில் ஏற்றினால் லாரியில் கொண்டுபோய் இறக்கி, திரும்ப ஏற்ற வேண்டும், கூலி இரட்டிப்பு. ஆனால் டிரெய்லர் நுழைய முடியாத தெருவில் ஆலை இருந்தால், ஏற்ற ஆளும் மேடையும் இல்லாவிட்டால், சிஎஃப்எஸ்தான் வழி. ஆலையில் ஏற்ற இத்தனை மணி நேரம் என்று டிரெய்லர்காரர் கெடு வைத்திருப்பார், தாண்டினால் ஹால்ட்டிங், அதாவது காத்திருப்புக் கட்டணம். நாலு பேரை வைத்துக்கொண்டு 700 பெட்டியை ஏற்றப் பார்த்தால் பொழுது போய்விடும்.

காலிக் கன்டெய்னர் வந்ததும் ஒருவர் உள்ளே போய், வெளியிலிருந்து கதவை மூடச் சொல்லி, இருட்டில் அண்ணாந்து பார்க்க வேண்டும். ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்தக் கன்டெய்னர் வேண்டாம். வெளிச்சம் வரும் இடத்தில் மழையும் வரும். தரைப்பலகையில் கையை வைத்துப் பாருங்கள், ஈரம், எண்ணெய்க்கறை, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி. மூடிய உடனே மூக்கில் அடிப்பது என்ன வாசனை? மீன்தூள், பச்சைத் தோல், ரசாயனம் என்று எதுவானாலும் திருப்பி அனுப்புங்கள். டிரைவரிடம் தயங்காதீர்கள், ஏற்றி முடித்துவிட்டால் அந்தக் கன்டெய்னரை நீங்கள் ஒப்புக்கொண்டதாகவே ஆகிவிடும்.

தூத்துக்குடி வெயிலில் சூடாக மூடிய கன்டெய்னர் ஜனவரியில் ஹாம்பர்க்கில் இறங்கும்போது கூரைத் தகடு சில்லிடும். அட்டைப்பெட்டியிலும் மரத்திலும் இருந்த ஈரம் ஆவியாகி, தகட்டில் துளியாகி, மேலடுக்கின் மேல் சொட்டும். துணி பூஞ்சை பிடிப்பது கடல்நீர் புகுந்ததால் என்று நினைப்பவர்கள் பலர். இந்த வியர்வைதான் பெரும்பாலும் காரணம். காயாத மரப் பேலட்டை ஏற்றாதீர்கள். ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டெசிகன்ட் பைகளைச் சுவர்க் கொக்கிகளில் தொங்கவிட்டு, மேலடுக்கை கிராஃப்ட் தாளால் மூடுங்கள். பெட்டிக்குள் போடும் சின்ன சிலிக்கா பாக்கெட்டுகள் கன்டெய்னர் முழுதின் ஈரத்துக்கு ஈடாகாது.

ஏற்றி முடிந்ததும் எடை. 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடை, அதாவது விஜிஎம் இல்லாமல் எந்தக் கன்டெய்னரும் கப்பல் ஏறாது. எஃப்சிஎல்லில் இது உங்கள் பொறுப்பு; எடைமேடைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். எல்சிஎல்லில் கன்சாலிடேட்டர் தாக்கல் செய்வார், ஆனால் நீங்கள் கொடுத்த எடை தப்பானால் அவர் கூட்டும் தப்பு.

தாளும் காப்பீடும்

எல்சிஎல்லில் உங்கள் கைக்கு வருவது கன்சாலிடேட்டர் தரும் ஹவுஸ் பிஎல். கப்பல் நிறுவனத்தின் மாஸ்டர் பிஎல் கன்சாலிடேட்டர் பெயரில் இருக்கும். அவர் கப்பல் நிறுவனத்துக்குப் பணம் கட்டாமல் விட்டால், நீங்கள் எல்லாம் கட்டியிருந்தாலும் சரக்கு நிற்கும். எல்சி (லெட்டர் ஆஃப் கிரெடிட், வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதி) மூலம் பணம் வருவதானால், ஃபார்வர்டர் பிஎல் ஏற்கப்படாது என்று ஒரு வரி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். அந்த வரியோடு எல்சிஎல் போனால் வங்கி தாளைத் திருப்பிவிடும்; வரியை மாற்றச் சொல்ல வேண்டும், அல்லது எஃப்சிஎல் போக வேண்டும்.

பிஎல்லில் "ஒரு கன்டெய்னர்" என்று மட்டும் விடாமல் "306 அட்டைப்பெட்டிகள்" என்று எழுதச் சொல்லுங்கள். சேதத்துக்குக் கப்பல் நிறுவனம் தரும் இழப்பீட்டின் உச்சவரம்பு, ஹேக்-விஸ்பி என்கிற சர்வதேசக் கடல்சரக்கு விதிப்படி ஒரு பெட்டிக்கு 666.67 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இரண்டில் எது அதிகமோ அது. எண்ணிக்கை எழுதப்படாவிட்டால் கன்டெய்னர் முழுதும் ஒரே பெட்டி என்று வாதாட வழி கிடைத்துவிடும். தீ விபத்தில், கப்பல் நிறுவனமே தவறு செய்ததாக நிரூபித்தால் தவிர, அதுவும் கிடையாது. 2021 மே மாதம் கொழும்புக்கு அருகே எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் கப்பலில் 1,486 கன்டெய்னர்கள் இருந்தன. 2025 மே மாதம் கேரளக் கரையோரம் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3இல் 640. நம் சரக்கு ஓடும் கடல் இது; ஐசிசி ஏ வகைக் காப்பீடு (விலக்கிய சிலவற்றைத் தவிர எல்லா இழப்புக்கும் ஈடு தருவது) இல்லாமல் ஒரு பெட்டிகூட ஏறக் கூடாது. சிஐஎஃப் மதிப்பில் 110 சதவீதத்துக்கு, குடோனிலிருந்து குடோன் வரை எடுங்கள்.

காப்பீடு எடுக்காதவர் எல்சிஎல்லில் மற்றவர்களையும் இழுத்துவிடுவார். 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் ஆறு நாள் மாட்டிக்கொண்ட எவர் கிவன் கப்பலின் உரிமையாளர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார். கப்பலைக் காப்பாற்றிய செலவைச் சரக்குக்காரர்கள் அனைவரும் பங்கிட வேண்டும் என்று பொருள். காப்பீடு உள்ளவருக்குக் காப்பீட்டு நிறுவனம் உறுதிக் கடிதம் கொடுக்கும். இல்லாதவர் ரொக்கமாக டெபாசிட் கட்ட வேண்டும். எல்சிஎல் கன்டெய்னரில் ஒருவர் கட்டாவிட்டாலும் முழுக் கன்டெய்னரும் விடுபடாமல் நிற்கக்கூடும்.

எஃப்சிஎல்லுக்கும் ஒரு பொறி உண்டு: டெமரேஜ், டிடென்ஷன். முதலாவது, இலவச நாள் தாண்டியும் கன்டெய்னர் துறைமுகத்தில் கிடப்பதற்கு. இரண்டாவது, வெளியே எடுத்துப்போன காலிக் கன்டெய்னரைத் திருப்பித் தராததற்கு. நாள் ஏற ஏற விகிதமும் ஏறும். வாங்குபவரின் சுங்க வேலை மெதுவாக நடக்கும் நாடானால் 14 இலவச நாள் கேளுங்கள். புக்கிங்கின்போது எளிதில் கிடைக்கும், கப்பல் போன பிறகு கிடைக்காது.

ஃபார்வர்டருக்கு விலை கேட்டு எழுதும்போது இத்தனையும் ஒரே மெயிலில் போகட்டும்: பெட்டியின் வெளியளவு, எண்ணிக்கை, ஒரு பெட்டியின் மொத்த எடை, எச்எஸ் குறியீடு (சுங்கத்தில் பொருளை வகைப்படுத்தும் எண்), எஃப்ஓபியா சிஐஎஃப்பா, ஏற்றும் ஊர், இறங்கும் துறைமுகம், சரக்குத் தயாராகும் நாள். எல்சிஎல், இருபது அடி, ஹை கியூப் மூன்றுக்கும் தனித்தனி விலை. இங்கத்திய கட்டணம், கடல் கட்டணம், அங்கத்திய கட்டணம் மூன்று பத்தியாக. நடுவில் பிரிக்கும் இடம். இலவச நாள் எண்ணிக்கை. விலை எந்தத் தேதி வரை செல்லும். குறைந்தது மூன்று ஃபார்வர்டர்களுக்கு அதே மெயிலை வரி மாறாமல் அனுப்புங்கள். அங்கத்திய கட்டணப் பத்தியைக் காலியாக விட்டு அனுப்பும் விலையை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், மற்ற இரண்டோடு சேர்த்து ஒப்பிடாதீர்கள்.